கெரிஸ் பிடியில் இருப்பது அரக்கனா, வாயுவா, பீமனா?

பாலித் தீவின் பழைய அரண்மனைக் கெரிஸ் (குத்துவாள்) ஒன்றின் தங்கப் பிடியைப் பார்க்கும் தமிழர் யாராக இருந்தாலும் முதலில் வாயில் வருவது "அரக்கன்" என்ற சொல்தான். உருண்டு பிதுங்கிய கண்கள், கோரைப்பல், மீசை, உடம்பெல்லாம் சிவப்புக் கற்கள் என்று இருக்கும்போது வேறு என்ன சொல்வது? அருங்காட்சியகங்களின் குறிப்புகளிலும் பல இடங்களில் "ராட்சசன்" என்றுதான் போட்டிருப்பார்கள். அதே பிடியை வேறு சிலர் பாயு என்பார்கள், அதாவது நம் வாயு பகவான். இன்னும் சிலர் பீமன் என்பார்கள். ஒரே உருவத்துக்கு அரக்கன், தேவன், பாண்டவன் என்று மூன்று பெயர் எப்படி வருகிறது என்பதும், எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதும்தான் இங்கே விஷயம்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். கெரிஸ் என்பது ஜாவா, பாலி, ஜாவாவை ஒட்டிய மதுரா தீவு, சுமத்ரா, மலாய் நாடு என்று அந்தப் பக்கம் முழுக்கப் பரவிய குத்துவாள். அலகு நேராகவும் இருக்கும், பாம்பு நெளிவது போல வளைந்தும் இருக்கும். யுனெஸ்கோ 2005-ல் இதை மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்து, 2008-ல் தன் பட்டியலில் சேர்த்தது. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, பிடியும் அலகும் பெரும்பாலும் கழற்றி மாட்டக்கூடியவை. அலகுதான் குலச்சொத்து, அதற்குத்தான் வழிபாடு. பிடியும் உறையும் அதற்குப் போடுகிற உடை. கைமாறும்போது, அந்தஸ்து கூடும்போது, சும்மா பழசாகிவிட்டது என்றுகூடப் பிடியை மாற்றிவிடுவார்கள். அதனால் முந்நூறு வருட அலகில் முப்பது வருடப் பிடி இருப்பது சாதாரணம். பிடியைப் பார்த்து அலகின் வயதையோ ஊரையோ சொல்வதும், அலகைப் பார்த்துப் பிடியில் இருப்பது யார் என்று ஊகிப்பதும் இரண்டுமே ஆபத்தான வேலை.

அடுத்து, எந்த ஊர்ப் பிடி என்பது. நடு ஜாவாவின் அரண்மனை நகரங்களில் செய்த பிடி மெலிந்து, வளைந்து, வழவழப்பாக இருக்கும். அதன் உட்பக்கம் பாத்ரா எனப்படும் சின்னச் செதுக்கு வேலை இரண்டு இடத்தில் மட்டும் இருக்கும். உற்றுப் பார்த்தால் கண், மூக்கு போலத் தெரியும், பார்க்காவிட்டால் வெறும் பூவேலை. ஒரு காலத்தில் முழு உருவமாக இருந்தது தேய்ந்து தேய்ந்து இந்த நிலைக்கு வந்தது என்பது பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். இஸ்லாம் வந்ததால் உருவம் போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் உண்டு. அது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். ஏனென்றால், இஸ்லாம் முதலில் வேரூன்றிய வட கடற்கரையிலேயே, சிரெபோன், தெகால் பக்கத்தில், குந்தி உட்கார்ந்த கோரைப்பல் உருவங்களைப் பிடியில் செதுக்குவது நிற்கவில்லை. ராஜமாலா என்று அவற்றுக்குப் பெயர். ஐரோப்பிய அரசர்கள் 17-ஆம் நூற்றாண்டில் சேர்த்துவைத்த விந்தைப் பொருள் அறைகளுக்குப் போன கெரிஸ்களிலும் இந்த மாதிரி ராட்சசப் பிடிகள் இருக்கின்றன.

பாலியின் கதை வேறு. ஜாவாவின் மஜபஹித் பேரரசு தேய்ந்து மறைந்தபோது அதன் அரசவை மரபு பெருமளவு பாலியில் தொடர்ந்தது, இந்து சமயமும் அங்கே நின்றுவிட்டது. பிடிகளில் முழு உருவச் சிற்பங்கள் செழித்ததும் அங்கேதான். இப்படிப்பட்ட உருவப் பிடிகளைப் பாலியில் தொகோகன் என்பார்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதை ஏனோ அதிகம் யாரும் சொல்வதில்லை. ஜாவாக்காரர் கெரிஸை முதுகுப்பக்கம் இடுப்புக் கச்சையில் தாழ்வாகச் செருகுவார். பாலிக்காரர் உயரத் தூக்கிச் செருகுவார், பிடி தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும். சபையில் எல்லோர் கண்ணும் படுகிற இடம் அது. அங்கே தங்கத்தில் ஒரு தேவனை உட்கார வைக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

சரி, இனி அடையாளம் காண்பதற்கு வருவோம். நம் ஊர்க் கோவில் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சில பழக்கங்கள் உண்டு. எத்தனை கை, எந்தக் கையில் என்ன, காலடியில் என்ன வாகனம், தலையில் பிறையா கிரீடமா என்று வரிசையாகப் பார்ப்போம். மான், மழு இருந்தால் சிவன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள். கெரிஸ் பிடியில் இந்த முறை பெரும்பாலும் கை கொடுக்காது. விரல்களுக்குள் அடங்க வேண்டிய, குத்தும்போது வழுக்காமல் உள்ளங்கையில் உட்கார வேண்டிய பொருள் அது. நான்கு கைகளை விரித்துக்கொண்டு நின்றால் ஒடிந்துபோகும், பிடிப்பவன் கையையும் கிழிக்கும். அதனால் பெரும்பாலும் இரண்டே கை, அவையும் உடம்போடு ஒட்டி இருக்கும். வாகனத்துக்கு இடமே கிடையாது. பிரம்மாவைத் தேடுகிறவர் நான்கு முகத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் முகம். நமக்குக் கோரைப்பல் என்றால் அசுரன், அல்லது காளி, பைரவர் போன்ற உக்கிர தெய்வம். ஜாவாவிலும் பாலியிலும் முகத்தைப் படிக்கிற இலக்கணம் வாயாங் என்ற நிழற்பாவைக் கூத்திலிருந்து வருகிறது. அங்கே ஒடுங்கிய நீளக் கண் என்றால் பணிவும் நயமும் உள்ள பாத்திரம், அர்ஜுனன் மாதிரி. உருண்ட கண் என்றால் முரட்டு வலிமை. அது கெட்டவனுக்கும் உண்டு, நல்லவனுக்கும் உண்டு. அதாவது முகம் குணத்தைச் சொல்கிறதே தவிர, எந்தக் கட்சி என்பதைச் சொல்வதில்லை. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இந்த முகத்தைப் பார்த்து "ராட்சசன்" என்று எழுதிவைத்தார்கள், அந்தப் பெயர் பட்டியலுக்குப் பட்டியல் நகல் எடுக்கப்பட்டது. நாமும் அதையே செய்கிறோம், நம் காரணம் மட்டும் வேறு.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கட்டை விரலை. பாயுவுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் கட்டை விரலில் கத்தி போல நீண்ட நகம் ஒன்று உண்டு, பஞ்சநகம் என்பது அதன் பெயர். வாயாங் கதைகளில் பீமனுக்குக் கதாயுதத்தைவிட இந்த நகம்தான் பேர்பெற்ற ஆயுதம், எதிரியின் வயிற்றைக் கிழிப்பது இதனால்தான். அனுமனுக்கும் இது உண்டு, அவனும் வாயு மைந்தன் ஆயிற்றே. ஜாவாவில் இந்தக் குடும்பத்தை இன்னும் நீட்டுவார்கள். கடலில் அனுமனுக்கு இடம் கொடுத்த மைநாக மலை, சேதுபந்தம் என்ற பெயருள்ள யானை, ஜஜாவ்ரேகா என்ற ராட்சசன் என்று எல்லாரும் வாயுவின் சகோதர வட்டம். இவர்களுக்குப் பொதுவான இன்னொரு அடையாளம் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட துணி, போலெங். பாலிக்குப் போனவர்கள் கோவில் சிலைகளிலும் ஆலமரத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டத்துணி சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பார்கள், அதேதான். தங்கப் பிடியில் கறுப்பும் வெள்ளையும் காட்ட முடியாது, ஆனால் துணியில் சதுரக் கட்டங்களைக் கீறிவைத்திருந்தால் அது பெரிய துப்பு.

பீமன் மீதான இந்த ஈடுபாடு பழையது. நடு ஜாவாவில் லாவு மலைச் சரிவில் சுகுஹ் என்ற கோவில் இருக்கிறது, 1437-ஐ ஒட்டிக் கட்டியது, மஜபஹித்தின் கடைசிக் காலம். அங்கே ஒரு கொல்லுப்பட்டறைச் சிற்பம். ஒரு பக்கம் பீமன் ஆயுதம் அடிக்கிறான், மறு பக்கம் அர்ஜுனன் துருத்தி ஊதுகிறான், நடுவில் யானைத்தலை உருவம் ஒன்று ஒரு காலைத் தூக்கி ஆடுகிறது, கையில் ஒரு நாய். கெரிஸ் உருவான கதையைப் பேசுகிற எவரும் இந்தச் சிற்பத்தைத் தாண்டிப் போக முடியாது. அதே காலத்து, அதே மலைப்பகுதியின் பீமன் சிலைகளில் மீசை, கட்டத்துணி, உடம்பில் பாம்பு, நண்டின் கொடுக்கு போலச் சுருட்டி உயர்த்திய கொண்டை, நீண்ட நகம் எல்லாம் இருக்கின்றன. பிற்காலப் பாலிப் பிடிகளில் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதே சாமான்கள்தான்.

அப்புறம், கையில் இருக்கும் குடம். உருண்டையான ஒரு சின்னக் கலயத்தை அந்தக் கோரைப்பல் உருவம் மார்புக்கு நேராகவோ தோள் மட்டத்திலோ பிடித்திருக்கும். அது அமெர்த்தா, அமுதக் கலயம். இதை வைத்து பாயு என்பவர்களும் உண்டு, பீமன் என்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது. ஜாவாவின் தேவருசி கதையில் துரோணர் பேச்சைக் கேட்டு உயிர்நீரைத் தேடிக் கடலுக்குள் இறங்குகிறான் பீமன். நாகத்தோடு சண்டை போட்டு, தன்னைப் போலவே இருக்கும் ஒரு குட்டித் தேவனைச் சந்தித்து, அவன் காது வழியாக உள்ளே நுழைந்து ஞானம் பெறுகிறான். நம் வியாச பாரதத்திலோ வில்லிபாரதத்திலோ இது கிடையாது, முழுக்க அங்கே பிறந்த கதை. பாலியில் இன்னொன்று, பீமன் சொர்க்கம் போன கதை. பாண்டுவையும் மாத்ரியையும் நரகத்திலிருந்து மீட்டு, தேவர்களோடு மோதி அமுதத்தை வாங்கி வருகிறான். குளுங்குங் நகரில் கெர்த்தா கோசா என்ற மண்டபத்தின் கூரை உட்பக்கத்தில் பெரும்பகுதி இந்தக் கதையைத்தான் ஓவியமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது நீதிமன்றம், கைகட்டி நிற்பவன் மேலே பார்த்தால் நரகத்தில் என்னென்ன செய்வார்கள் என்று தெரியும். இந்தக் கதை மக்கள் மனதில் இவ்வளவு ஆழமாக இருக்கும்போது, கலயம் ஏந்திய உருண்ட கண் உருவத்தைப் பீமன் என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கஷ்டம்.

பாயு என்று சொல்வதற்கு உள்ள பலம் தலைக்கட்டும் இருக்கையும். நண்டுக் கொடுக்குக் கொண்டை தெளிவாக இருந்தால் பீமன் பக்கம் சாயலாம். தேவனுக்குரிய நகை, கிரீடம், பின்னால் ஒளிவட்டம் போன்ற வேலை, கீழே தாமரை அல்லது இலைக்கொத்து இருக்கை என்று இருந்தால் பாயு பக்கம். இரண்டும் கலந்து இருந்தால்? அப்படித்தான் பல பிடிகள் இருக்கின்றன. அப்பனும் பிள்ளையும் ஒரே அடையாளங்களைப் பகிர்ந்துகொள்ளும்போது செதுக்கியவருக்கே அந்த வேறுபாடு முக்கியமாகப் பட்டிருக்காது என்பது என் எண்ணம். "வாயு வம்சம்" என்று எழுதிவைப்பது நேர்மையான குறிப்பு, ஆனால் விற்பனைப் பட்டியலில் அது எடுபடாது.

அமுதக் கலயம் கண்டவுடன் அவசரப்படக் கூடாது என்பதற்கு இன்னொரு ஆளும் இருக்கிறார், கருடன். தாயை அடிமைத்தனத்திலிருந்து மீட்க அமுதம் கொண்டுவந்த கதை பழைய ஜாவா மொழி ஆதிபர்வத்திலும் இருக்கிறது, அங்கே மிகப் பிரபலம். ஆக, கலயத்தோடு பறவை மூக்கும் இறக்கையும் இருந்தால் கருடன், நகமும் கோரைப்பல்லும் இருந்தால் வாயு வம்சம்.

ஒரு குத்துவாளுக்குப் போய் ஏன் காற்றுக் கடவுள் என்று கேட்கலாம், போர்க்கடவுள் யாரும் கிடைக்கவில்லையா என்று. பாலியில் பாயு என்றால் வீசுகிற காற்றோடு நிற்பதில்லை, உயிராற்றல், உடல்வலு எல்லாம் அதில் அடக்கம். பாயு, சப்தா, இதெப் என்று மூன்றைச் சொல்வார்கள்: ஆற்றல், குரல், சிந்தனை. செடிக்கு முதலாவது மட்டும், விலங்குக்கு முதல் இரண்டு, மனிதனுக்கு மூன்றும். உலோகத்துக்குள் ஆற்றல் ஏற்றி வைத்திருப்பதாக நம்பப்படும் ஆயுதத்தின் தலைமாட்டில் பாயு உட்காருவதில் இதைப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. வாளை அடிக்கும் பாண்டே குலக் கொல்லர்களின் தெய்வமோ பிரம்மா, நெருப்புக்கு உரியவர் என்பதால். அலகு பிரம்மாவின் நெருப்பில் பிறக்கிறது, பிடியில் வாயு. கெரிஸ் முதலான உலோகக் கருவிகளுக்கு 210 நாளுக்கு ஒருமுறை தும்பெக் லண்டெப் என்ற நாளில் பூசை உண்டு, பசுபதிக்கு உரிய நாள். இப்போது கார், மோட்டார் சைக்கிளுக்கும் சேர்த்துப் பூப்போட்டுப் படைக்கிறார்கள், நம் ஆயுத பூசையேதான்.

மற்ற தேவர்களுக்கு வந்தால் பாலியின் திசைத்தெய்வ வரிசை தெரியாமல் ஒரு அடி நகர முடியாது. நவசங்கா என்று ஒன்பது பேர். கிழக்கில் ஈஸ்வரா, கையில் வஜ்ரம். தென்கிழக்கில் மகேஸ்வரா, தூபம். தெற்கில் பிரம்மா, கதை. தென்மேற்கில் ருத்ரா, மோக்சலா என்ற உலக்கை. மேற்கில் மகாதேவா, நாகபாசம். வடமேற்கில் சங்கரா, அங்குசம். வடக்கில் விஷ்ணு, சக்கரம். வடகிழக்கில் சம்பு, திரிசூலம். நடுவில் சிவா, தாமரை. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிறமும் உண்டு. கவனித்தீர்களா, ஒன்பதில் ஏழு நமக்குச் சிவனின் பெயர்கள். தேவாரம் கேட்டு வளர்ந்தவருக்கு ஈஸ்வரனும் சங்கரனும் சம்புவும் ஒரே ஆள். அங்கேயும் எல்லாம் ஒரே மெய்ப்பொருளின் வடிவங்கள்தான் என்பார்கள், ஆனால் வழிபாட்டில், ஓவியத்தில், சிற்பத்தில் தனித்தனி ஆயுதத்தோடு தனித்தனி ஆட்களாக நிற்கிறார்கள்.

இதனால் வரும் குழப்பங்களைப் பாருங்கள். திரிசூலம் பிடித்த உருவத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு சிவன் என்போம். திசை வரிசைப்படி சூலம் சம்புவுக்குத்தான், நடுவிலுள்ள சிவாவுக்குத் தாமரை. கதை வைத்திருந்தால் நமக்குப் பீமனோ அனுமனோ, அங்கே பிரம்மாவாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வஜ்ரம் வைத்திருந்தால் இந்திரன் என்று தோன்றும், ஈஸ்வராவுக்கும் அதே வஜ்ரம்தான். ஓவியமாக இருந்தால் நிறத்தை வைத்துத் தீர்த்துவிடலாம், வெள்ளை என்றால் ஈஸ்வரா, சிவப்பு என்றால் பிரம்மா, கறுப்பு என்றால் விஷ்ணு. தங்கத்திலும் தந்தத்திலும் அந்த உதவி கிடைக்காது. வண்ணம் பூசிய மரப்பிடியாக இருந்தால் கொஞ்சம் அதிர்ஷ்டம், அதுவும் பின்னாளில் யாரும் மறுபடி பூசாமல் இருந்தால்.

சுலபமானவர்களும் இருக்கிறார்கள். தும்பிக்கை இருந்தால் கணா, நம் பிள்ளையார். இதில் சண்டை இல்லை. குரங்கு முகமும் தூக்கிய வாலும் இருந்தால் பெரும்பாலும் அனுமன், ஆனால் வாலியும் சுக்ரீவனும் அங்கே நன்றாகத் தெரிந்த பாத்திரங்கள் என்பதால் கட்டை விரல் நகத்தையும் கட்டத்துணியையும் பார்த்துவிட்டு உறுதி செய்வது நல்லது. தாடியும் தொந்தியுமாக, கையில் கமண்டலத்தோடு ஒரு முனிவர் இருந்தால் தமிழனுக்கு உடனே அகத்தியர் நினைவு வரும். அது வெறும் ஆசை இல்லை, பிரம்பானன் சிவன் கோவிலின் தெற்கு மாடத்தில் அகத்தியர் அப்படித்தான் நிற்கிறார், ஜாவாவில் அவர் பெரிய ஆள், சிவகுருவாகவே கும்பிட்டிருக்கிறார்கள். ஆனால் பிடியில் செதுக்கிய முனிவர் பெரும்பாலும் பாலியின் பூசாரி உருவம், உயரக் கொண்டையும் செபமாலையுமாக. அகத்தியர் என்று சொல்ல அதைவிட வலுவான சான்று வேண்டும்.

அப்புறம் தெய்வமே அல்லாதவை. பாலியில் கோசெத் கோசெத்தான் என்ற பிடி வகை இருக்கிறது, கூட்டுப்புழுவையோ வண்டையோ அடிப்படையாகக் கொண்டது. தெரியாதவர் பார்த்தால் ஏதோ மூக்கு நீண்ட பூதம் போலத் தோன்றும். மலாய்ப் பகுதியில் ஜாவா டெமாம், அதாவது காய்ச்சல் வந்த ஜாவாக்காரன், என்ற வகை, கையால் உடம்பைக் கட்டிக்கொண்டு குளிரில் ஒடுங்கி உட்கார்ந்த மாதிரி வளைந்திருக்கும். தென் தாய்லாந்தின் பட்டாணி என்ற ஊர்ப் பக்கத்துத் தாஜோங் பிடியில் மூக்கு ஒரு முழம் நீண்டிருக்கும். அதை மீன்கொத்தி என்று உள்ளூரில் சொல்ல, பிள்ளையார் என்று வெளியூரில் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பிள்ளையார் கட்சியில் நம்பிக்கை இல்லை. தாடியும் பல்லும் தெளிவாக இருக்கிற முகத்தில் மூக்கு நீளம் என்ற ஒரே காரணத்துக்காகத் தும்பிக்கை என்று சொல்லிவிட முடியாது, வடக்கு ஜாவாவின் ராட்சச முகத்தோடு வைத்துப் பார்த்தால் சொந்தம் புரியும்.

நல்ல பழைய பாலிப் பிடிகள் வெளிநாட்டுக்குப் போன வழி கசப்பானது. 1894-ல் டச்சுப் படை பாலிக்குப் பக்கத்துத் தீவான லொம்போக்கில் சக்ரநெகரா அரண்மனையைச் சூறையாடியது. 1906 செப்டம்பரில் தென் பாலியின் பதுங் அரசிலும் 1908 ஏப்ரலில் குளுங்குங்கிலும் அரச குடும்பங்கள் சரணடைய மறுத்து, வெள்ளை உடுத்திக் கெரிஸோடு துப்பாக்கிகளை நோக்கி நடந்து செத்தார்கள், புபுத்தான் என்பது அதன் பெயர். விழுந்தவர்களிடமிருந்து எடுத்த ஆயுதங்கள் நெதர்லாந்தின் அருங்காட்சியகங்களுக்குப் போயின. எடுத்தவன் சிப்பாய், எழுதிவைத்தவன் கிடங்கு எழுத்தர். பிடியில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய வீட்டார் உயிரோடு இல்லை. இன்றைக்குக் குறிப்புகளில் இருக்கும் மொட்டையான "ராட்சசன்" பலவற்றின் மூலம் இதுதான். 2023 ஜூலையில் நெதர்லாந்து 478 பொருள்களை இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்தது. லொம்போக் செல்வத்தின் 335 பொருள்களும் குளுங்குங் கெரிஸ் ஒன்றும் அதில் அடக்கம்.

இன்றைய சந்தைக்கு வரும் பிடிகளோ வேறு ரகம். நந்தியோடு சிவன், அன்னத்தில் சரஸ்வதி, எட்டுக் கையோடு துர்க்கை என்று நுணுக்கமாகச் செதுக்கி, பார்த்த உடனே பெயர் சொல்லிவிடக்கூடிய பிடி கிடைத்தால், பெரும்பாலும் அது சுற்றுலாக் காலத்துச் சரக்கு. எலும்பிலோ கொம்பிலோ செய்து தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழசாக்குவதும் உண்டு. வேலைப்பாட்டைக் குறை சொல்லவில்லை, பாலிச் செதுக்குக் கலைஞர்களின் கை இன்றும் பிரமாதம். ஆனால் பழைய பிடி கையில் பிடிப்பதற்காகச் செய்தது, அதனால் முனைகள் மழுங்கி, உருவம் தனக்குள் சுருண்டிருக்கும். அலமாரியில் வைக்கச் செய்த பிடியில் கையும் ஆயுதமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கை புண்ணாகும்.

யாரிடமாவது காட்டி விசாரிக்க நினைத்தால் முகத்தை மட்டும் பெரிதாகப் படமெடுத்து அனுப்புவதில் பயன் இல்லை. இரண்டு கைகளையும் தனித்தனியாக எடுக்க வேண்டும், கட்டை விரல் தெரிகிற மாதிரி. தலையின் பின்புறம், கொண்டை எப்படிச் சுருண்டிருக்கிறது என்று. இடுப்புத் துணி. உட்காரும் பீடம். அப்புறம் பிடிக்கு அடியில் இருக்கும் ஓட்டை, அலகின் முளை உள்ளே போகிற இடம். அங்கே பல வருடம் மாட்டிக் கழற்றிய தேய்மானமும் பிசினும் இருக்கிறதா, இல்லை நேற்றுத் துளைபோட்ட மாதிரி வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடவுளின் பெயரைப் பற்றியே பேச ஆரம்பிக்க வேண்டும்.